பற்கவசத்தின் ஆயுள் அதன் விளிம்பில்

சாந்த்ராகாச்சி நிலையத்திலிருந்து சென்னைக்குப் புறப்படும் ரயில்களில், மருத்துவக் கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்வோரைக் காண்பது அரிதன்று. வங்காளத்துக் குடும்பங்கள் வேலூருக்கும் சென்னைக்கும் சிகிச்சை நாடிச் செல்வது நெடுநாள் வழக்கம். அதே வண்டியில் வேறொரு வகைப் பயணிகளும் உண்டு. ரயில்வே பணியின் பொருட்டோ தொழிலின் பொருட்டோ தெற்கிலிருந்து வந்து ஹௌராப் பகுதியில் குடியமர்ந்த தமிழர்கள் அவர்கள். காய்ச்சல், தலைவலி என்றால் உள்ளூர் மருத்துவரிடம் செல்லும் இவர்களுள் பலர், பல் மருத்துவத்தை மட்டும் ஊருக்குப் போகும் விடுமுறை வரை தள்ளிவைப்பர். பத்து, பதினைந்து நாள் விடுப்பிற்குள் வேர் சிகிச்சையை முடித்து, பல்லுக்குக் கவசம் பொருத்திக்கொண்டு திரும்புவர். 'கேப் போட்டாயிற்று, இனி அந்தப் பல்லைப் பற்றிய கவலை இல்லை' என்ற நிம்மதியும் அவர்களோடு ரயிலேறி வந்துவிடும்.

அந்த நிம்மதி எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதைத்தான் இக்கட்டுரையில் நாம் காணவிருக்கிறோம். ஒற்றைப் பல்லுக்கான கவசங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், நன்முறையில் பொருத்தப்பட்ட 100 கவசங்களுள் ஏறத்தாழ 95 ஐந்து ஆண்டுகளைத் தாண்டுவதாகத் தெரிகிறது. பத்து, பதினைந்து ஆண்டுகள் நிலைப்பவையும் மிகுதி. இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைப்பவையும் உண்டு. ஒரே மருத்துவர், ஒரே பொருளால் செய்த இரு கவசங்களுள் ஒன்று ஆறு ஆண்டில் கழன்றுவிடுவதும் மற்றொன்று இருபது ஆண்டு நிற்பதும் ஏன்? மருத்துவரின் கைத்திறனுக்கும் பல்லின் முந்தைய நிலைக்கும் இதில் பங்குண்டு. ஆயினும், கவசம் பொருத்திய மறுநாள் முதல் அதன் ஆயுளில் பெரும்பகுதி நம் கைக்கு வந்துவிடுகிறது.

கவசத்திற்குள் இருப்பது என்ன?

மக்கள் வழக்கில் 'கேப்' என்றும் மருத்துவர் வழக்கில் 'கிரவுன்' என்றும் சொல்லப்படும் பற்கவசம், சிதைந்த அல்லது வலுவிழந்த பல்லின் மேல் தொப்பிபோல் பொருத்தப்படும் உறையாகும். அதனைப் பொருத்துவதற்கு இடம் வேண்டும் என்பதால், மருத்துவர் பல்லைச் சுற்றிலும் மேற்புறத்திலும் தேய்த்துச் சிறிதாக்குகிறார். கவசத்தின் பொருளுக்கேற்ப இத்தேய்ப்பு அரை மில்லிமீட்டர் முதல் 2 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். பல்லின் கடினமான மேற்பூச்சாகிய எனாமலின் பெரும்பகுதி இதில் போய்விடுகிறது. எஞ்சி நிற்பது, உள்ளிருக்கும் சற்றே மென்மையான டென்டின் என்னும் திசு. இந்தக் கட்டையின் மேல்தான் சிமெண்ட் எனப்படும் ஒட்டுப்பொருளைத் தடவிக் கவசத்தை ஏற்றுகிறார்கள்.

உலோகத்திற்கோ பீங்கானுக்கோ சொத்தை வராது. ஆகையால் கவசம் போட்ட பல்லுக்கும் சொத்தை வராது என்று எண்ணிவிடுகிறோம். கவசத்திற்குள் இருப்பது நம்முடைய பழைய பல்லேதான். அதுவும் எனாமலை இழந்த பல். கவசம் முடிந்து பல் தொடங்கும் இடத்தில், ஈறின் ஓரத்தை ஒட்டிப் பல்லைச் சுற்றிவரும் ஒரு கோடு உண்டு. மருத்துவர்கள் அதனை 'மார்ஜின்' என்பர். நாம் விளிம்பு என்றே அழைப்போம். மிகத் திறமையாகச் செய்யப்பட்ட கவசத்திலும் விளிம்பில் மயிரிழையளவு இடைவெளி இருக்கவே செய்யும். அதனைச் சிமெண்ட் நிரப்பி நிற்கிறது. சொத்தையை உண்டாக்கும் நுண்ணுயிரியின் அளவோ ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மயிரிழைச் சந்து அதற்கு ஓர் அகன்ற வீதி.

நாம் உண்ணும் சர்க்கரையையும் மாவுப்பொருளையும் அந்நுண்ணுயிரிகள் அமிலமாக மாற்றுகின்றன. வாயின் அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கும்போது எனாமல் கரையத் தொடங்குகிறது. டென்டினும் வேரின் மேற்பரப்பும் அதைவிடக் குறைந்த அமிலத்திலேயே கரைந்துவிடும். வயது ஏற ஏற ஈறு சற்றே கீழிறங்கும். அப்போது விளிம்பும், அதற்குக் கீழுள்ள வேர்ப்பகுதியும் வெளியே தெரியத் தொடங்கும். எளிதில் கரையும் இடமே உணவும் அழுக்கும் தங்கும் இடமாகவும் அமைந்துவிடுகிறது. கவசங்கள் தோற்றுப்போவதற்கான காரணங்களுள் முதன்மையானது விளிம்பில் தொடங்கும் இச்சொத்தையே.

இதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. வேர் சிகிச்சை செய்த பல்லில், வலியை உணர்த்தும் நரம்பை உள்ளடக்கிய பற்கூழ் அகற்றப்பட்டிருக்கிறது. கவசம் போடப்படும் பற்களில் கணிசமானவை இத்தகையவையே. அப்பல்லில் சொத்தை எவ்வளவு ஆழமாகச் சென்றாலும் குளிர்ந்த நீர் கூசாது. இரவில் குத்தல் எடுக்காது. சொத்தை உள்ளே கட்டையை அரித்துக்கொண்டே போகும். ஒருநாள் இட்லி உண்ணும்போதுகூடக் கவசம், உள்ளிருந்த பல்லின் ஒரு துண்டோடு கையில் வந்துவிடும். பல்லின் மேற்பகுதி ஈறின் மட்டத்தில் உடைந்துவிட்டால் மீண்டும் கவசம் பொருத்துவதற்குப் பிடிப்பு இராது. பல்லை எடுத்துவிட்டு வேறு வழி தேட வேண்டியதுதான். 'வலிக்கவில்லையே, பிறகு பார்க்கலாம்' என்னும் நம் வழக்கமான அளவுகோல் இப்பல்லுக்குப் பொருந்தாது. வலி என்னும் காவலாளி இல்லாத வீடு அது. நாமே அவ்வப்போது போய்ப் பார்த்துவர வேண்டும்.

பொருள் எதுவாயினும்

இன்று வழக்கிலுள்ள பற்கவசங்களின் முன்னோடியான பீங்கான் உறைக்கு 1889-இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துப் பல் மருத்துவர் சார்லஸ் லேண்ட். 1927-இல் தனியொருவராக அட்லாண்டிக் கடலை விமானத்தில் கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க் இவருடைய மகள்வயிற்றுப் பேரன். அன்றைய பீங்கான் உறை அழகாயிருந்தது. எளிதில் விரிசல் கண்டது. பின்னர் உலோகக் கூட்டின் மேல் பீங்கானைச் சுட்டு ஒட்டும் முறை 1960-களில் பரவியது. தற்போது சிர்கோனியா என்னும் வெண்ணிற வன்பொருளைக் கணினியின் துணையால் கடைந்தெடுக்கிறார்கள்.

உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய கவசத்தில் பீங்கான் சில்லு பெயரக்கூடும். ஈறு இறங்கினால் ஓரத்தில் கருங்கோடும் தெரியலாம். முழுச் சிர்கோனியா அவ்வளவு எளிதில் உடையாது. முழு உலோகக் கவசம் பார்வைக்கு அழகில்லாதது. ஆனால் கடைவாய்ப் பல்லில் நெடுநாள் உழைப்பதில் அதற்கு நிகரில்லை என்பதைப் பழைய மருத்துவர்கள் இன்றும் சொல்வர். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது பல்லின் இடத்தையும் கடியின் வலுவையும் பொறுத்தது. அதனை மருத்துவரிடமே விட்டுவிடலாம். விலை மிகுந்த பொருள் என்பதற்காக விளிம்பில் சொத்தை வராமல் இருந்துவிடாது என்பதை மட்டும் இங்கே நினைவூட்டுகிறோம்.

விளிம்பைத் துலக்குதல்

பெரும்பாலோர் பல் துலக்கும்போது தூரிகை பல்லின் நடுப்பகுதியில்தான் ஓடுகிறது. கவசத்தின் வழவழப்பான முகம் துலக்காவிட்டாலும் பெரிதும் கெடாது; துலக்க வேண்டியது ஈறும் கவசமும் சந்திக்கும் ஓரம். மென்மையான இழைகள் கொண்ட தூரிகையை ஈறை நோக்கிச் சாய்வாக, ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில் வைத்து, இழைகளின் நுனி ஈறின் விளிம்புக்குள் மெல்ல நுழையுமாறு சிறுசிறு அசைவுகளாகத் துலக்க வேண்டும். வன்மையான தூரிகையால் குறுக்காக அழுத்தித் தேய்ப்பது ஈறைக் கீழிறக்கி வேரைத் திறந்துவிடும். அப்படித் தேய்ப்பவர்கள்தாம் தம் பற்கள் மிகத் தூய்மையானவை என்று எண்ணிக்கொள்கிறார்கள் என்பது வேடிக்கை. நாக்குப் பக்கத்தை மறக்கலாகாது. கீழ்க்கடைவாய்ப் பற்களின் உட்புறந்தான் நம் தூரிகை அதிகம் தொடாத இடம்.

காலையில் ஒருமுறை, இரவு உறங்கச் செல்லுமுன் ஒருமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இரவு வேளையை விடாமலிருப்பது மேல். உறக்கத்தில் உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடுவதால், அமிலத்தைக் கழுவ ஆள் இல்லை. பற்பசையில் ஃபுளூரைடு இருக்கிறதா என்று குழாயின் பின்புறத்தில் பாருங்கள். பெரியவர்களுக்கு 1000 பி.பி.எம். அளவுள்ள பசை ஏற்றது. துலக்கியபின் பசையைத் துப்பினால் போதும். வாய் நிறைய நீரூற்றிப் பலமுறை கொப்பளித்தால் ஃபுளூரைடும் நீரோடு போய்விடும். சாம்பல், செங்கல் தூள், கரித்தூள் முதலியன பீங்கானின் மெருகையும் வேரின் மேற்பரப்பையும் தேய்த்துவிடும். கிழக்கிந்தியப் பகுதிகளில் பற்பொடிபோல் பயன்படும் 'குல்' என்பது புகையிலைத் தூளே. அதனைப் பல்லுக்கு நன்மை என்று எவரேனும் பரிந்துரைத்தால் ஏற்க வேண்டா.

தூரிகை எட்டாத இடம் ஒன்று உண்டு. பல்லுக்கும் பல்லுக்கும் இடைப்பட்ட பக்கவாட்டு விளிம்பு. சொத்தை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. அதற்கென உள்ளது 'ஃப்ளாஸ்' எனப்படும் பல் இடுக்கு நூல். ஒரு முழ நீளம் எடுத்து இரு கைகளின் நடுவிரல்களிலும் சுற்றி, பற்களுக்கிடையே மெதுவாக இறக்கி, கவசத்தின் பக்கத்தை அணைத்தாற்போல் வளைத்து, ஈறுக்குச் சற்றுக் கீழே வரை மேலும் கீழுமாக நான்கைந்து முறை இழுக்க வேண்டும். பற்களிடையே இடைவெளி மிகுந்திருந்தால் புட்டி கழுவும் தூரிகையைச் சிறிதாக்கியது போன்ற இடைப்பல் தூரிகை இன்னும் எளிது. மூட்டுவலியால் விரல்களை வளைக்க முடியாத மூத்த குடிமக்களுக்கு நாம் பரிந்துரைப்பதும் அதுவே. இரண்டு, மூன்று கவசங்கள் ஒன்றாக இணைந்த 'பிரிட்ஜ்' உடையோர், அதன் அடிப்பக்கத்தில் நூலை நுழைப்பதற்கு உதவும் வளையம் ஒன்றை மருத்துவரிடம் கேட்டுப் பெறலாம்.

'நூலை இழுத்தால் கவசம் கழன்றுவிடாதா?' என்று கேட்போர் பலர். உறுதியாக ஒட்டப்பட்ட கவசத்தை நூல் பெயர்க்காது. நூலோடு கவசம் வந்துவிட்டால் உள்ளே சிமெண்ட் முன்னமே கரைந்துபோயிருந்தது என்றே பொருள். அது விரைவில் தெரிந்ததும் நன்மையே. மேலும், தினமும் தடையின்றிச் சென்றுவந்த நூல் ஒருநாள் பிசிறு பிசிறாகக் கிழிந்தால், விளிம்பில் எங்கோ ஒரு கூர்மை அல்லது பள்ளம் தோன்றியிருக்கிறது. அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது அதனை மறவாமல் சொல்ல வேண்டும்.

பல் குத்தும் குச்சியைப் பற்றி ஒரு சொல். உணவு சிக்குகிறது என்று நாள்தோறும் ஊக்கையும் குச்சியையும் விட்டுக் குடைவது ஈறைப் புண்ணாக்கிச் சந்தைப் பெரிதாக்கும். எங்கே சிக்குகிறது, ஏன் சிக்குகிறது என்பதல்லவா கேட்க வேண்டிய கேள்வி?

மோவாவும் பொரியுருண்டையும்

குளிர்காலம் வந்தால் சாந்த்ராகாச்சி ஏரிக்குப் பறவைகள் வரும். கடைகளுக்குப் பேரீச்சம்பனையின் புதுவெல்லம் வரும். அவ்வெல்லத்தில் பொரியைப் பிடித்து உருட்டும் ஜயநகர் மோவாவைச் சுவைத்த தமிழர்க்கு நம் கார்த்திகைப் பொரியுருண்டை நினைவுக்கு வராமல் இராது. இரண்டும் இனியவை, இரண்டும் கவசத்தின் விளிம்பில் ஒட்டிக்கொள்வதில் சளைத்தவையல்ல. உண்ணலாகாது என்று நாம் சொல்லவரவில்லை. சர்க்கரையின் அளவைவிட, ஒரு நாளில் எத்தனை முறை உண்கிறோம் என்பதே பல்லுக்கு முக்கியம். இனிப்பு வாய்க்குள் சென்ற சில நிமிடங்களில் அமிலம் உயர்கிறது. அது தணிய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகிறது. உணவோடு சேர்த்து இரண்டு ரசகுல்லா உண்பவருக்கு ஒருமுறை அமிலம் எழுந்து அடங்கிவிடும். மண்குவளையில் சர்க்கரை போட்ட தேநீரைக் காலை முதல் மாலை வரை ஆறேழு முறை பருகுவோரின் பல் பகல் முழுதும் அமிலத்தில் ஊறுகிறது. இனிப்புக்குப் பின் ஒரு வாய் நீரால் கொப்பளிப்பது, செலவில்லாத நல்ல பழக்கம்.

கடினப் பொருள்களின் சேதம் வேறு வகை. பனிக்கட்டியைக் கடித்தல், கரும்பைப் பல்லால் உரித்தல், கல்போன்ற முறுக்கு, கறியின் எலும்பு, கொட்டைப்பாக்கு ஆகியவை பீங்கானைப் பெயர்க்கும். சில வேளை உள்ளிருக்கும் வேரையே பிளந்துவிடும். வேர் பிளந்தால் எவராலும் ஒட்ட முடியாது. வங்கத்திலும் தமிழகத்திலும் ஒருங்கே செல்வாக்குள்ள பாக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது பல்லைத் தேய்ப்பதும் கறையேற்றுவதும் ஒருபுறம் இருக்க, பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருக்கிறது. புகையிலை சேராத வெறும் பாக்குக்கும் இது பொருந்தும். பற்கவசத்தைக் காப்பதற்காகப் பாக்கை விட்டவர் அதைவிடப் பெரிய ஒன்றையும் காத்துக்கொள்கிறார்.

உறக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிக்கும் பழக்கம் உடையோருக்கு இது குறித்துத் தெரியாமலே இருக்கும். உடன் உறங்குபவர்தாம் சொல்ல வேண்டும். காலையில் தாடை வலித்தாலோ பற்களின் நுனி தட்டையாகத் தேய்ந்திருந்தாலோ ஐயுறலாம். இவர்களுக்கு மருத்துவர் இரவில் அணியும் பற்தடுப்பு ஒன்றை அளவெடுத்துச் செய்து தருவார். கவசத்தின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு செலவு.

ஓய்வூதியம் பெறும் வாடிக்கையாளர்களுக்கு மேலும் ஒன்று. இரத்த அழுத்தம், மன அழுத்தம், ஒவ்வாமை ஆகியவற்றுக்கு உண்ணும் மருந்துகளுள் சில வாயை உலரச் செய்யும். உமிழ்நீரே அமிலத்தைத் தணிக்கும் இயற்கை மருந்து என்பதால், வாய் உலர்ந்தவருக்கு விளிம்புச் சொத்தை விரைந்து வரும். நீரிழிவு கட்டுக்குள் இல்லாதவருக்கு ஈறுநோய் கடுமையாகும். தாம் உண்ணும் மருந்துகளின் பட்டியலைப் பல் மருத்துவரிடமும் காட்ட வேண்டும். பல்லுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று எண்ணிப் பலர் அதனைச் சொல்வதில்லை.

பத்து நாள் விடுப்பில் ஒரு கவசம்

ஊருக்குச் சென்று கவசம் போட்டுக்கொள்வோர் நாட்களைச் சரியாகத் திட்டமிட வேண்டும். வேர் சிகிச்சைக்கு ஒன்று முதல் மூன்று அமர்வுகள், பல்லைச் செதுக்கி அச்செடுக்க ஓர் அமர்வு, ஆய்வகத்தில் கவசம் தயாராகச் சில நாட்கள், பின் பொருத்துதல். பலர் ரயிலேறும் நாளன்று காலையில்தான் கவசத்தை ஒட்டிக்கொள்கிறார்கள். இதனைத் தவிர்ப்பது நல்லது. மரத்த வாயோடு கடிக்கும்போது கடி சரியாக இருப்பதாகத் தோன்றும். மறுநாள் உணவு உண்கையில்தான் கவசம் ஒரு நூலளவு உயர்ந்திருப்பது தெரியவரும். அந்த உயரம் தானாகச் சரியாகும் என்று காத்திருந்தால் பல்லைத் தாங்கும் திசுவில் வலி எடுக்கும்; எதிர்ப்பல்லும் நோகும். மருத்துவர் சில நிமிடங்களில் தேய்த்துச் சரிசெய்துவிடக் கூடியது இது. ஆனால் அவரோ 1600 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார். ஆகவே, கவசம் பொருத்தியபின் மூன்று, நான்கு நாட்களாவது அவ்வூரிலேயே இருக்குமாறு விடுப்பின் தொடக்கத்திலேயே சிகிச்சையை ஆரம்பிப்பது அறிவுடைமை.

நிலையான கவசம் தயாராகும் வரை தற்காலிகக் கவசம் ஒன்று பொருத்தப்படும். அதன் சிமெண்ட் வேண்டுமென்றே வலுக்குறைந்தது. பின்னர் எளிதாக எடுக்க வேண்டுமல்லவா? அதுவரை மறுபக்கத்தால் மெல்லுவதும், மிட்டாய், சூயிங்கம் போன்ற ஒட்டும் பண்டங்களைத் தவிர்ப்பதும் வேண்டும். இடுக்கு நூலை மேல்நோக்கி இழுக்காமல் பக்கவாட்டில் உருவி எடுக்க வேண்டும். சாந்த்ராகாச்சியில் இருப்போருக்கு அந்நாட்களில் உணவுக் கவலை இல்லை. இவ்வூரின் பெயரோடு சேர்த்தே பேசப்படும் ஓல், அதாவது நம் சேனைக்கிழங்கு, நன்றாக வேகவைத்தால் எந்தப் பல்லுக்கும் இணங்கும். அரைவேக்காடாயின் நாக்கு அரிக்கும். அதற்குப் பல் மருத்துவர் பொறுப்பல்லர். தற்காலிகக் கவசத்தோடே ஊர் திரும்பி மாதக்கணக்கில் இருந்துவிடுவது மட்டும் கூடாது. அது கசியும், உள்ளிருக்கும் பல் கெடும், அடுத்த பற்கள் நகர்ந்து, செய்துவைத்த கவசமும் பொருந்தாமல் போகும்.

ஊரில் போட்ட கவசத்தை ஊரில்தான் காட்ட வேண்டும் என்பதும் இல்லை. ஆறு மாதத்திற்கு ஒருமுறையோ குறைந்தது ஆண்டுக்கு ஒருமுறையோ பார்க்க வேண்டிய பரிசோதனையை அருகிலுள்ள மருத்துவரே செய்யலாம். உண்மையில் இந்தியாவில் பல் மருத்துவக் கல்வி வேரூன்றியது கொல்கத்தாவில்தான். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1915-இல் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பிய டாக்டர் ரஃபியுதீன் அகமது, 1920-இல் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை இந்நகரில் நிறுவினார். அதற்கான பணத்திற்காக அவர் நடத்தியது 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்' என்னும் கடை. சோடா விற்ற காசில் பல் மருத்துவக் கல்லூரி வளர்ந்தது என்பதை எண்ணிப் புன்னகைக்காமல் இருக்க முடிவதில்லை. 1949-இல் அக்கல்லூரியை மேற்கு வங்க அரசிடம் அவர் ஒப்படைத்தார். 1964-இல் பத்மபூஷண் விருது பெற்றார். அவர் பிறந்த டிசம்பர் 24 இந்தியாவில் பல் மருத்துவர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அவர் பெயரைத் தாங்கிய அரசுக் கல்லூரி மருத்துவமனை சியால்தாவுக்கு அருகே ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையில் இருக்கிறது. சாந்த்ராகாச்சியிலிருந்து வித்யாசாகர் பாலத்தைக் கடந்தால் அச்சாலையை அடையலாம். சென்னையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி தோன்றியது அதற்கு முப்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து, 1953-இல்.

பரிசோதனையின்போது மருத்துவர் கூர்நுனிக் கருவியால் விளிம்பைச் சுற்றித் தடவிப் பார்ப்பார். ஈறின் ஆழத்தை அளப்பார். தேவையெனில் எக்ஸ்ரே எடுப்பார். கவசத்தின் உட்புறத்தை எக்ஸ்ரே ஊடுருவிக் காட்டாது. விளிம்பையும் வேரையும் காட்டும். பழைய எக்ஸ்ரே கையில் இருந்தால் ஒப்பிட்டு, மாற்றம் ஏதும் உண்டா என்று சொல்ல முடியும். இதற்காகவே, சிகிச்சை முடிந்ததும் எக்ஸ்ரேயின் நகல், கவசத்தின் பொருள், பொருத்திய தேதி ஆகியவற்றைக் கேட்டு வாங்கிவைக்குமாறு வேண்டுகிறோம். சிர்கோனியா போன்ற கவசங்களுக்கு ஆய்வகங்கள் உத்தரவாத அட்டை தருவதுண்டு. வைப்புத்தொகைச் சான்றிதழை எங்கே வைக்கிறீர்களோ அங்கேயே அதனையும் வையுங்கள். அட்டையில் எழுதியுள்ள நிபந்தனைகளையும் படிக்க வேண்டும். உத்தரவாதம் பொதுவாகக் கவசப் பொருளுக்கே. உள்ளே பல் சொத்தையானால் அது செல்லாது. மருத்துவக் காப்பீடும் பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. விபத்தால் நேர்ந்த பற்சேதம் நீங்கலாக, கவசம் உள்ளிட்ட வழக்கமான பல் சிகிச்சையைப் பெரும்பாலான காப்பீட்டுத் திட்டங்கள் விலக்கியே வைத்திருக்கின்றன. தங்கள் ஆவணத்தில் விலக்குகள் என்ற பகுதியைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆக, இரண்டாவது கவசத்தின் செலவு நம்முடையதே. பல் போய்விட்டால் அதற்கு மாற்றாகும் இம்ப்ளாண்ட்டின் செலவு அதனினும் பன்மடங்கு.

காத்திராமல் செல்ல வேண்டிய அறிகுறிகள்

முன்பு சிக்காத இடத்தில் உணவு சிக்கத் தொடங்குதல். அந்தப் பக்கத்தில் மட்டும் துர்நாற்றம் அல்லது கசப்பு. கவசத்தைச் சுற்றி ஈறு சிவந்து இரத்தம் கசிதல். விரலால் தொட்டால் கவசம் இம்மியளவு அசைதல். ஈறில் சிறு பருபோல் தோன்றி உடைந்து மறைதல். இவற்றுள் கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் அலட்சியம் செய்கின்றனர். வலியின்றி வந்து மறையும் அப்பரு, வேரின் நுனியில் சீழ் சேர்ந்து வழி தேடிக்கொண்டதன் அடையாளமாக இருக்கலாம். மறைந்துவிட்டது என்பதனால் குணமாகிவிட்டது என்று கொள்ளலாகாது.

கவசம் கழன்றே விட்டால் பதற்றம் வேண்டா. அதனை எடுத்து நீரில் கழுவி, சிறு டப்பாவில் போட்டு வையுங்கள். குப்பையில் எறிந்துவிட்டு வருவோர் உண்டு. பல் நலமாக இருந்தால் பெரும்பாலும் அதே கவசத்தை மீண்டும் ஒட்டிவிட முடியும் என்பதை அவர்கள் அறிவதில்லை. வீட்டிலுள்ள உடனடிப் பசையால் ஒட்டுவது பெருந்தவறு. அப்பசை ஈறைப் புண்படுத்தும். கோணலாக ஒட்டிக்கொண்டால் பின்னர் எடுப்பதும் கடினம். கழன்ற கவசத்தைப் பல்லின் மேல் சும்மா பொருத்திக்கொண்டு உறங்குவதும் ஆபத்து; அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும். விழுங்கிவிட்டால் பெரும்பாலும் இரண்டு, மூன்று நாளில் தானே வெளியேறும். ஆனால் விழுங்கியவுடன் இருமலோ மூச்சுத்திணறலோ ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கவசமின்றி நிற்கும் பல்லின்மேல் அந்த இரண்டொரு நாள் எதையும் கடிக்காமல், மெல்லத் துலக்கித் தூய்மையாக வைத்திருக்க வேண்டும். அது ஓடும் ரயிலிலேயே நிகழ்ந்தாலும் செய்ய வேண்டியது இதுவே. இறங்கியபின் வார இறுதிக்காகக் காத்திராமல், அந்த டப்பாவோடும் பழைய எக்ஸ்ரேயோடும் அருகிலுள்ள மருத்துவரிடம் செல்லலாம்.